இருபது உடையும் இடம்

கரும்பலகையில் ஏழு எண்களை எழுதுவேன்: 2, 8, 20, 28, 50, 82, 126. முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு, அணுக்கரு இயற்பியல் தாள். “இவைதான் மாய எண்கள். புரோட்டானோ நியூட்ரானோ இந்த எண்ணிக்கையில் இருந்தால் அந்த அணுக்கரு பக்கத்தில் இருப்பவற்றைவிட உறுதியாக இருக்கும். இரண்டு மதிப்பெண் கேள்வி கட்டாயம் வரும், மனப்பாடம் பண்ணிடுங்க” என்பேன். மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். ஆண்டுதோறும் அதே எண்கள், அதே வாக்கியம்.

1990களின் பிற்பகுதியில் ஒருநாள் ஒரு மாணவி எழுந்து நின்றாள். “மேடம், இது எல்லா அணுக்கருவுக்கும் பொருந்துமா? நியூட்ரான் ரொம்ப அதிகமா இருந்தாலும் இதே நம்பர்தானா?”

“ஆமாம்மா. இது இயற்கையோட விதி. ஆளுக்கு ஆள் மாறாது” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னது தவறு. அது தவறு என்பதற்கான முதல் அளவீடு அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1975இல் வெளியாகியிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த எண்களின் வரலாற்றையும், எனக்கு ஏன் தெரியாமல் போனது என்பதையும் தனித்தனியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

அப்போது நான் அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மணிக்கணக்குக்குச் சம்பளம், கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. என் கணவர் அதே துறையில் நிரந்தரப் பணியில் இருந்தார். இருவரும் ஒரே ஆண்டு முனைவர் பட்டம் பெற்றவர்கள். நிரந்தர இடம் காலியானபோது நான் விண்ணப்பத்தோடு போய் நின்றேன். நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மிகுந்த அன்போடு சொன்னார்: “உங்க சார்தான் இங்கேயே இருக்காரே. ஒரே வீட்டுக்கு ரெண்டு சம்பளம் எதுக்கும்மா?” எழுத்தில் அப்படி ஒரு விதி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. விதி என்று நம்பிவிட்டேன். வகுப்பு முடிந்தால் வீட்டுக்கு ஓட வேண்டும். ஆய்விதழ் படிக்க நகரத்து நூலகத்துக்குப் போய்வர ஒரு முழுநாள் வேண்டும். அந்த நாளுக்குக் கூலி இல்லை. நான் மாணவியாக இருந்தபோது வாங்கிய பாடநூலை வைத்தே பத்தாண்டுக்கு மேல் பாடம் நடத்தினேன்.

அந்தப் பாடநூலில் மாய எண்கள் பகுதியில் ஒரு பெயர் இருந்தது: மேயர். பெண் என்று பாடநூல் சொல்லவில்லை. பல ஆண்டுகள் நான் அவரை ஆண் என்றே நினைத்திருந்தேன்.

மரியா கோப்பெர்ட் மேயர் 1906இல் அன்றைய ஜெர்மனியின் கட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழக நகரில் வளர்ந்தார். தந்தையோடு சேர்த்து அந்தக் குடும்பத்தில் ஆறு தலைமுறை பேராசிரியர்கள். 1930இல் மாக்ஸ் போர்னிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்கக் கூடும் என்று அந்த ஆய்வேட்டில் கணக்கிட்டிருந்தார். லேசர் வந்த பிறகுதான், 1961இல், அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அதே 1930இல் அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரை மணந்து பால்டிமோருக்குப் போனார்.

கணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை. மனைவிக்கு இல்லை. காரணம், உறவினர் நியமனத் தடை: ஒரே குடும்பத்தில் இருவருக்கு வேலை தரக் கூடாது. உறவுக்காரர்களுக்குப் பதவி வாரி வழங்கப்படுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு. அந்த விதியில் ‘பெண்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் கணவனும் மனைவியும் வாசலில் வந்து நின்றால் யார் உள்ளே போவார், யார் வெளியே நிற்பார் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பொருளாதாரப் பெருமந்தக் காலம் வேறு. ஒரு பேராசிரியரின் ஜெர்மன் கடிதப் போக்குவரத்துக்கு உதவுவதற்காகச் சிறு தொகை கொடுத்தார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து அவர் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார், மாணவர்களுக்கு வழிகாட்டினார், இரண்டு குழந்தைகளைப் பெற்றார்.

1939இல் கணவருக்கு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கும் இவருக்கு ஊதியம் இல்லை. 1946இல் சிகாகோ. இம்முறை பதவி கிடைத்தது: தன்னார்வ இணைப் பேராசிரியர். ‘தன்னார்வ’ என்றால் சம்பளமில்லாமல் என்று பொருள். நம் ஊரில் ‘கௌரவ’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறோம். பணம் கொடுக்க மனமில்லாத இடத்தில் நிறுவனங்கள் நல்ல அடைமொழியாகத் தேடிப் பிடிக்கின்றன.

அரைநேரச் சம்பளம் சிகாகோவுக்கு அருகே புதிதாக உருவான ஆர்கான் தேசிய ஆய்வகத்திலிருந்து வந்தது. அந்த வேலையைக் கொடுத்தவர் ராபர்ட் சாக்ஸ். பால்டிமோரில் சம்பளமில்லாத காலத்தில் மரியா வழிகாட்டிய மாணவர். “எனக்கு அணுக்கரு இயற்பியல் அவ்வளவாகத் தெரியாதே” என்ற தயக்கத்தோடுதான் மரியா அங்கே சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது.

தனிமங்கள் எப்படித் தோன்றின என்று எட்வர்ட் டெல்லரோடு சேர்ந்து ஆராயும்போதுதான் அவர் அந்த எண்களைக் கண்டார். அண்டத்தில் எந்த அணுக்கரு எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தால், சில எண்ணிக்கைகளில் மட்டும் திடீரென்று மிகுதி. 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்குப் பத்து நிலையான ஐசோடோப்புகள்; வேறெந்தத் தனிமத்துக்கும் அவ்வளவு இல்லை. நிலையான ஈயத்தில் மிகக் கனமானதான ஈயம்-208இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். 1930களிலேயே வால்டர் எல்சாசர் இப்படிப்பட்ட எண்களைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஆனால் அணுக்கரு ஒரு நீர்த்துளி போன்றது, உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று மோதிக் கலந்து கிடப்பவை, தனித்தனிப் பாதை எதுவும் கிடையாது என்பதே பெரியவர்களின் கருத்தாக இருந்தது. எண்கள் தற்செயல் என்று ஒதுக்கப்பட்டன. அணுக்கரு இயற்பியலில் முறையாக வளர்க்கப்படாதவர் என்பதால் எதை ஒதுக்க வேண்டும் என்று மரியாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 1948இல் சான்றுகளைத் திரட்டி வெளியிட்டார்.

விளக்கம் மட்டும் பிடிபடவில்லை. நியூட்ரான்களும் புரோட்டான்களும் கூடு கூடாக, படிப்படியான ஆற்றல் நிலைகளில் அமர்கின்றன என்று வைத்துக்கொண்டால் 2, 8, 20 வருகின்றன. அதற்கு மேல் கணக்கு உதைத்தது. ஒருநாள் பேச்சினூடே என்ரிகோ ஃபெர்மி ஒரு கேள்வி கேட்டார்: தற்சுழற்சிக்கும் பாதைச் சுழற்சிக்கும் இடையே பிணைப்பு ஏதாவது தெரிகிறதா? அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. எண்கள் அத்தனையையும் மாதக்கணக்கில் மனதில் சுமந்திருந்தவருக்கு அவை உடனே வரிசையில் விழுந்தன. 1949இல் வந்த கட்டுரையில் அந்தக் கேள்விக்காக ஃபெர்மிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

அவர் அதை விளக்கத் தந்த உவமை, வால்ட்ஸ் ஆடும் ஜோடிகள். வால்ட்ஸ் பார்த்திராத என் மாணவிகளுக்கு நான் கும்மியைச் சொல்வேன். பெண்கள் வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். கூடவே ஒவ்வொருத்தியும் தன்னைத்தானே சுழன்றுகொள்கிறாள். வட்டம் போகும் திசையிலேயே சுழல்பவளுக்கு எளிது; எதிர்த்திசையில் சுழல்பவளுக்குக் கூடுதல் சிரமம். அணுக்கருவிலும் அப்படியே. தற்சுழற்சி பாதையோடு ஒத்துப்போனால் ஆற்றல் நிலை இறங்குகிறது, எதிராக இருந்தால் ஏறுகிறது. ஒரே படி இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த படிகளை அடுக்கினால் பெரிய இடைவெளிகள் 28, 50, 82, 126 ஆகிய இடங்களில் சரியாக விழுகின்றன.

அதே ஆண்டு ஜெர்மனியில் ஹாக்ஸல், யென்சன், ஸ்யூஸ் மூவரும் தனியாக இதே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். மரியாவும் யென்சனும் போட்டியாளர்களாக நிற்காமல் 1955இல் சேர்ந்து நூல் எழுதினார்கள். மரியாவுக்கு முழுநேர, முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1960இல், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில். முனைவர் பட்டம் பெற்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1963இல் நோபல் பரிசு. பாதி யூஜின் விக்னருக்கு, கால் பங்கு யென்சனுக்கு, கால் பங்கு மரியாவுக்கு. மேரி கியூரிக்குப் பிறகு இயற்பியல் நோபல் பெற்ற இரண்டாவது பெண். மூன்றாவது பெண்ணுக்கு உலகம் 2018 வரை காத்திருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாள், சான் டியேகோவைச் சேர்ந்த ஒரு தாய்க்கு நோபல் என்று தலைப்புப் போட்டது.

வழக்கமாக இத்தகைய கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும். அவமதிப்பு, உழைப்பு, வெற்றி, பதக்கம். இப்படி முடிப்பதில் எனக்கு இப்போது சம்மதமில்லை. ஏனென்றால் அந்த ஏழு எண்களின் கதை அங்கே முடியவில்லை.

மரியாவின் கையில் இருந்த பட்டியலை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை இயற்கையில் நிலைத்து நிற்கும் அணுக்கருக்கள், அல்லது மெதுவாகச் சிதைபவை. பூமியில் தானாகக் கிடைப்பவை முந்நூறுக்கும் குறைவு. இன்று ஆய்வகங்களில் உருவாக்கி அறியப்பட்டவற்றையும் சேர்த்தால் மூவாயிரத்துக்கும் மேல். மிச்சத்தில் பல, பிறந்த சில நொடிகளில், மில்லிநொடிகளில் சிதைந்துவிடுபவை. நிலைத்து நின்றவற்றைப் பார்த்து வகுத்த விதி அது. நிற்க இடமில்லாதவற்றை அப்போது யாரும் அளந்திருக்கவில்லை.

அளந்தது பிரான்ஸின் ஓர்சே நகரைச் சேர்ந்த ஒரு குழு, ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில். புரோட்டான் கற்றையை ஓர் இலக்கின் மேல் மோதவிட்டு, சிதறிப் பிறக்கும் சோடியம் அணுக்களை மட்டும் விரைவாகப் பிரித்தெடுத்து நிறை பார்த்தார்கள். சோடியம் சூடான பரப்பில் எளிதாக மின்னூட்டம் பெறும். அதனால் பிடிப்பது எளிது. நம் சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தில் 11 புரோட்டான், 12 நியூட்ரான். அவர்கள் தேடியது 11 புரோட்டானோடு 20 நியூட்ரான் கொண்ட சோடியம்-31. அதன் அரை ஆயுள் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. 1975இல் முடிவு வெளியானது. கட்டுரையின் முதல் பெயர் காதரீன் திபோ. ஒரு பெண்.

நிறை என்ன சொல்லும்? இறுகப் பிணைந்த அணுக்கருவின் நிறை குறைவாக இருக்கும். 20இல் கூடு நிரம்புகிறது என்பது உண்மையானால், அதற்கு மேல் சேரும் நியூட்ரானின் பிணைப்பு சட்டென்று குறைய வேண்டும். திபோ குழுவின் சோடியத்தில் அந்தச் சரிவு தெரியவில்லை. சோடியம்-31உம் 32உம் கணக்கு சொன்னதைவிட இறுக்கமாகப் பிணைந்திருந்தன. 20 என்ற சுவர் அங்கே இல்லை. நிரம்பிய கூடு உருண்டையாக இருக்க வேண்டும். இதுவோ நீண்டு உருமாறியிருக்கிறது என்று கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது.

1979இல் பக்கத்துத் தனிமத்தில் இன்னொரு சான்று. மெக்னீசியம்-32: 12 புரோட்டான், 20 நியூட்ரான். மாய எண் கொண்ட அணுக்கருவைக் கிளர்ச்சியூட்டப் பெரிய ஆற்றல் வேண்டும். கால்சியம்-40க்கு ஏறத்தாழ 3.9 மெகா எலக்ட்ரான் வோல்ட். மெக்னீசியம்-32இல் அதே வகைக் கிளர்ச்சிக்கு 0.9கூடத் தேவைப்படவில்லை. 1995இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் மோட்டோபயாஷி குழு அது உண்மையிலேயே நீண்டு உருமாறிய அணுக்கரு என்று காட்டியது. இதற்குள் அந்தப் பகுதிக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது: தலைகீழ்த் தீவு. கீழே நிரம்ப வேண்டிய நியூட்ரான்கள் இடைவெளியைத் தாண்டி மேல்படிக்குப் போய் உட்கார்ந்திருக்கும் இடம்.

ஏன் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சிலிக்கான்-34இலும் 20 நியூட்ரான்தான். அங்கே 20 மாய எண்ணாகவே நடந்துகொள்கிறது. கிளர்ச்சி ஆற்றல் 3.3. சிலிக்கானில் 14 புரோட்டான், மெக்னீசியத்தில் 12. இரண்டே இரண்டு புரோட்டான் குறைந்ததில் நியூட்ரான்களின் உலகம் மாறிவிடுகிறது.

டகஹாரு ஒட்சுகாவும் கூட்டாளிகளும் 2000களில் தந்த விளக்கம் இது. பாதையோடு ஒத்துச் சுழலும் புரோட்டான், பாதைக்கு எதிராகச் சுழலும் நியூட்ரானைக் கூடுதலாக ஈர்க்கிறது. சிலிக்கானில் அப்படிப்பட்ட ஆறு புரோட்டான்கள் ஒரு படியை நிரப்பி நிற்கின்றன. அவை ஒரு குறிப்பிட்ட நியூட்ரான் படியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால் அதற்கு மேலே, 20இல், இடைவெளி அகலமாக இருக்கிறது. புரோட்டான்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பிடி தளர்கிறது, படி மேலேறுகிறது, 20இன் இடைவெளி சுருங்குகிறது, அந்தப் படிக்குக் கீழே புதிதாக ஓர் இடைவெளி 16இல் திறக்கிறது. உருமாறுவதால் கிடைக்கும் கூடுதல் பிணைப்பும் சேர்ந்துகொள்ள, பழைய சுவர் விழுகிறது. ஆக்சிஜனுக்கு வரும்போது அந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. அங்கே 16தான் மாய எண். 8 புரோட்டான், 16 நியூட்ரான் கொண்ட ஆக்சிஜன்-24 இரட்டை மாய அணுக்கரு என்று 2009இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் செய்த சோதனையில் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரிதுபர்ணா கனுங்கோ, இந்தியாவிலிருந்து சென்று கனடாவில் பணிபுரியும் இயற்பியலாளர். பழைய கணக்குப்படி இரட்டை மாயமாக இருக்க வேண்டிய ஆக்சிஜன்-28ஐ 2023இல் ஜப்பானில் கண்டார்கள். அது நிற்கவே இல்லை. பிறந்ததும் நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு ஆக்சிஜன்-24 ஆகிவிட்டது.

இதனால் மரியா தோற்றுவிட்டாரா? இல்லை. கூடுகளும் படிகளும் தற்சுழற்சிப் பிணைப்பும் அப்படியே நிற்கின்றன. ஒட்சுகா பேசுவதும் மரியாவின் மொழியைத்தான். இடம் மாறியவை எண்கள் மட்டுமே. 20 என்பது நியூட்ரான்களுக்குள் பொதிந்திருக்கும் குணம் என்று நான் பாடம் நடத்தினேன். அது பக்கத்தில் எத்தனை புரோட்டான் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிலையான அணுக்கருக்களில் அந்தப் பிடிமானம் எப்போதும் இருந்ததால் அது கண்ணில் படவில்லை.

அணுக்கருவைப் பெண் வாழ்க்கைக்கு உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. நியூட்ரானுக்கு நியாயம் அநியாயம் தெரியாது. ஆனால் ‘இது இயற்கை’ என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்வி அறிவியலுக்கும் பெண்ணியத்துக்கும் பொதுவானது. பெண்களுக்கு இயற்பியல் வராது என்று சொன்னவர்களும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். துறைகளில் நிலைத்து நின்றவர்களின் பட்டியல். நிற்க விடாமல் போனவர்கள் அதில் இல்லை. அவர்களைக் கீழே பிடித்திருந்தது எது என்று யாரும் அளக்கவில்லை. உறவினர் நியமனத் தடையைக் கைவிடும்படி அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் கேட்டுக்கொண்டது 1971இல். மரியா 1972 பிப்ரவரியில் இறந்தார்.

நான் எனக்குக் கிடைத்த ‘விதி’யை எதிர்த்துக் கேட்கவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, மாணவி கேட்ட சரியான கேள்வியை அதே தொனியில் நானும் உட்காரவைத்தேன் என்பது.

சென்ற ஆண்டு அவளைத் தொலைபேசியில் பிடித்தேன். நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள், கௌரவ விரிவுரையாளராக. பதினான்காவது ஆண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டதே அவளுக்கு நினைவில்லை. சோடியம், மெக்னீசியம், ஆக்சிஜன் என்று நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“சரி மேடம். பரீட்சையில வந்தா பிள்ளைங்கள என்ன எழுதச் சொல்றது?”

“ஏழு எண்ணையும் எழுதட்டும். மதிப்பெண் போயிடக் கூடாது. ஆனா 20ஐ எழுதும்போது, எங்கேன்னு கேட்கச் சொல்லு.”

“சம்பள உயர்வு கேட்டு நாங்க போட்ட மனுவுக்கும் இன்னும் பதில் வரல மேடம். விதியில இடமில்லைன்னு சொல்றாங்க” என்றாள்.

“எந்த விதின்னு எழுத்தில கேளு” என்றேன். இந்த முறை தாமதிக்காமல் சொல்லிவிட்டேன்.